சுவர்களுக்குப் பொறுப்பு யார்?

2015ஆம் ஆண்டின் முற்பகுதியில், சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில் தனது பெயரைக் கீறிய கிழக்கு மாகாண இளம் பெண்ணொருவருக்குத் தம்புள்ளை நீதிமன்றம் இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதித்தது. ஜனாதிபதியின் பொதுமன்னிப்பினாலேயே அவர் வீடு திரும்ப முடிந்தது. தொல்பொருட் சின்னத்தைச் சேதப்படுத்துவது குற்றமே என்பதில் எமக்கு மாற்றுக்கருத்து இல்லை. (பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் அங்கு சென்றவர்கள் கீறிவைத்த பாடல்களினாலேயே அச்சுவர் புகழ்பெற்றது என்பது வேறு விடயம்.) ஆனால், தேர்தல் தோறும் பாடசாலை மதில்களையும் பாலங்களையும் பஸ் தரிப்பிடங்களையும் பாழாக்கும் கட்சிக்காரர்களில் எத்தனை பேர் சிறை சென்றுள்ளனர்? பொதுச் சொத்துக்களுக்குச் சேதம் விளைவிப்பதைத் தண்டிக்கும் சட்டம் 1982ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் உள்ளது. அது வலியவர்களின் பக்கம் திரும்புவது அரிது.

இரண்டு வருடங்களுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி, அதிகாரிகளின் பொறுப்பில் இயங்கிய உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடைபெற்றது. தெரிவானவர்கள் குப்பை, வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றோடு இந்த விடயத்தையும் கவனத்திற் கொள்ள வேண்டும். சுவர்களைச் சுத்தம் செய்வதற்கான செலவு இறுதியில் ஆதனவரி செலுத்தும் மக்களின் தலையிலேயே விழுகின்றது.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, நாடெங்கும் இளைஞர்கள் தாமாகவே தூரிகையுடன் வீதிக்கு வந்தமை நினைவிருக்கலாம். அந்த ஆர்வம் பாராட்டத்தக்கது. எனினும், பல இடங்களில் பண்டைய மன்னர்களும் படைவீரர்களுமே சுவர்களை நிறைத்தபோது, இந்நாட்டின் தமிழரும் முஸ்லிம்களும் அவற்றில் எங்கே என்ற கேள்வி எழுந்தது. எதனை வரைவது என்பதை அச்சுவரைத் தினமும் கடந்து செல்லும் மக்களிடம் கேட்டறியும் ஏற்பாடு அன்று இருக்கவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திட்டம் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. சுவர்களில் கிறுக்கிய இளைஞர்களையே அழைத்து ஓவியம் வரையப் பழக்கிய அத்திட்டம் இன்றும் அந்நகரின் அடையாளமாகத் தொடர்கின்றது.

எமது பிரதேசங்களில் இதற்கெனப் புதிய அமைப்புகளை உருவாக்கத் தேவையில்லை. வடக்கில் சனசமூக நிலையங்கள் உள்ளன. கிழக்கில் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் விளையாட்டுக் கழகங்களும் உள்ளன. தமது வட்டாரத்தில் ஒரு சுவர் அசுத்தப்படுத்தப்பட்டால் மறுநாளே அதனைச் சபைக்கு அறிவிப்பதை இவை பொறுப்பேற்கலாம். சபை சுண்ணாம்பையும் வர்ணத்தையும் வழங்க, இளைஞர்கள் உழைப்பை வழங்கலாம். தாமதமின்றி அழிப்பதே இதில் முக்கியமானது. அழிக்கப்படாத ஒரு கிறுக்கல் ஒரு மாதத்தில் பத்தாகிவிடும். இன, மத வெறுப்பைத் தூண்டும் வாசகங்களாயின் விடியும் முன்னரே அகற்றப்பட வேண்டும். அவற்றை வாசித்துவிட்டுப் பாடசாலை செல்லும் பிள்ளையின் மனதைப் பின்னர் வெள்ளையடிக்க முடியாது.

தனியார் வகுப்பு விளம்பரங்களையும் மரண அறிவித்தல்களையும் ஒட்டுவோரை வெறுமனே விரட்டுவதாற் பயனில்லை. சந்திகளில் அறிவித்தல் பலகைகளை அமைத்து, மரண அறிவித்தல்களுக்கு இலவசமாகவும் வியாபார விளம்பரங்களுக்குச் சிறு கட்டணத்துடனும் இடமளிக்கலாம். விளம்பரப் பலகைகளுக்குக் கட்டணம் அறவிடும் சபைகளுக்கு இது புதிய வேலையல்ல. அதற்கு முன்னர், கடந்த தேர்தலில் ஒட்டப்பட்ட தமது சொந்தச் சுவரொட்டிகளில் எஞ்சியிருப்பவற்றை உறுப்பினர்கள் தமது செலவிலேயே அகற்றட்டும். தவிசாளர்கள் இதற்கான பிரேரணையை அடுத்த அமர்விலேயே கொண்டுவரலாம்.