கயிறு போதும் என்று சொல்பவர்களுக்கு

“அந்தக் காலத்தில் நீங்களெல்லாம் கயிற்றைக் கட்டித்தானே சார் லைன் இழுத்தீர்கள்? ஒன்றும் ஆகவில்லையே!”

ஓய்வு பெற்ற இத்தனை வருடங்களில் இந்தக் கேள்வியைக் குறைந்தது இருபது பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன். கேட்டவர்களில் ஒப்பந்தக்காரர்கள் உண்டு, அவர்களுடைய மேஸ்திரிகள் உண்டு, என்னோடு வேலை பார்த்து என்னைப் போலவே பென்ஷன் வாங்குகிற ஒருவரும் உண்டு. அவர் கேட்டதுதான் எனக்கு மிகவும் கோபத்தை உண்டாக்கியது. ஆகவே இதை எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

கயிறு கட்டி இழுத்தோம் என்பது உண்மை. 1973-ல் நான் ஹெல்பராகச் சேர்ந்தபோது எங்கள் செக்‌ஷனில் இருந்தது இரண்டு கப்பி, ஒரு வடக்கயிறு, ஒரு ஏணி. ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் பொய். கை நசுங்கியவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், வீட்டுக்குத் திரும்பி வராதவர்கள் எல்லாரும் உண்டு. அவர்கள் யாரும் பூங்காவில் என்னைப் போல் நடைப்பயிற்சிக்கு வந்து உங்களுக்கு அகப்படுவதில்லை. பிழைத்துக் கிடப்பவனிடம் போய், “உனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

நான் சொல்ல வருவது ‘கம் அலாங் கிளாம்ப்’ என்ற ஒரு சாமானைப் பற்றி. எங்கள் வாயில் அது கம்லாங் ஆகிவிட்டது. வீட்டு வயரிங் மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்தில் இரும்பில் செய்தது. ஒரு முனையில் கம்பியைக் கவ்வும் இரண்டு தாடை, மறு முனையில் கப்பிக் கொக்கியை மாட்ட ஒரு வளையம். வளையத்தைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் நெம்புகோல் தாடைகளை நெருக்கும். இழுக்க இழுக்கப் பிடி இறுகும், விட்டால் தளரும். இவ்வளவுதான். அமெரிக்காவில் தந்திக் கம்பி இழுத்த காலத்திலிருந்து லைன்மேன்களுக்குச் சாமான் செய்துவரும் கம்பெனி ஒன்று உண்டு, கிளெயின் என்று பெயர், 1857-ல் சிகாகோவில் தொடங்கியது. அவர்கள் செய்யும் ஒரு வகைக்கு இன்றும் ‘சிகாகோ கிரிப்’ என்றே பெயர். போல்ட் போட்டு முடுக்குகிற வகையும் இருக்கிறது. அதுதான் நம் பக்கம் அதிகம் பார்த்தது.

இது எதற்கு என்று கேட்பவர்களுக்காக வேலையைச் சொல்கிறேன். புது லைன் இழுக்கும்போது கம்பி ஒவ்வொரு கம்பத்திலும் உருளை மேல் ஓடிவந்து கட் பாயிண்டில் நிற்கும். அங்கே கம்பத்துக்குச் சில அடி தள்ளி கம்பியின் மேல் கிளாம்பைக் கடிக்க வைத்து, கிளாம்புக்கும் கிராஸ் ஆர்முக்கும் நடுவில் கப்பியைப் போட்டு இழுப்போம். தொய்வு சரியாக வந்ததும், கம்பியின் வாலை டிஸ்க் இன்சுலேட்டரில் முடித்துக் கட்டி, மெதுவாகக் கப்பியைத் தளர்த்துவோம். பாரம் அப்போதுதான் டிஸ்க்குக்கு மாறும். அதுவரைக்கும் உள்ள பத்துப் பதினைந்து நிமிடம், மொத்தக் கம்பியையும் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கிளாம்ப். அதற்குப் பக்கத்திலேயே முகத்துக்கு நேராக, இடுப்பில் பெல்ட்டோடு ஓர் ஆள் தொங்கிக்கொண்டிருக்கிறான்.

எவ்வளவு பாரம்? பதினோராயிரம் வோல்ட் லைனில் நாம் பார்க்கும் சாதாரணக் கம்பிக்கு ‘ராபிட்’ என்று பெயர். ஒரு எஃகு இழை, அதைச் சுற்றி ஆறு அலுமினிய இழை, ஒவ்வொன்றும் 3.35 மில்லிமீட்டர். அது அறுவதற்கு சுமார் 1860 கிலோ இழுவை வேண்டும். 1956-ம் வருட மின்சார விதிகளின்படி காற்றுச் சுமை இல்லாதபோது நிலையாக அதில் நிற்கும் இழுவை, அதில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. முதலில் இழுக்கும்போது 35 சதவீதம் வரை போகலாம் என்று இருந்தது. கால் பங்கு என்றே வையுங்கள், 465 கிலோ வருகிறது. ஒன்பது சிமெண்ட் மூட்டைக்கு மேல்! அதைக் கயிற்று முடிச்சில் நிறுத்து என்கிறார்கள்.

அலுமினியம் வழவழப்பானது. கயிறு அதில் நிற்காது. நிற்க வைக்க வேண்டுமானால் கம்பியை மடக்கி, முறுக்கி, முடிச்சுக்குள் கொடுக்க வேண்டும். மடக்கினால் இழைகள் பிரிந்து குருவிக்கூடு மாதிரி உப்பிவிடும். நைலான் கயிறானால் இன்னும் மோசம். ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போய், அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும்.

இனி கிளாம்ப் இருக்கிறதே என்று மார் தட்டுகிறவர்களுக்கு. எந்தக் கிளாம்ப்? கம்பிகளுக்கு வெள்ளைக்காரன் மிருகங்களின் பெயரை வைத்துவிட்டுப் போனான். வீசல் என்பது கீரி மாதிரி ஒரு பிராணி, அதன் விட்டம் 7.77 மில்லிமீட்டர். ராபிட் 10.05. டாக் 14.15. ஒவ்வொன்றுக்கும் தனித் தாடை. டாக் கம்பிக்குச் செய்த தாடையில் வீசலை வைத்தால் பள்ளத்தில் கம்பி ஆடும், பிடி இருக்காது. நாயைக் கட்டும் சங்கிலியில் முயலைக் கட்டினால் முயல் ஓடிவிடும், அவ்வளவுதான். உடனே நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? இடைவெளியில் சாக்குத் துணியைச் சுற்றுவார்கள், அலுமினியத் துண்டைச் செருகுவார்கள். கேட்டால் ‘அட்ஜஸ்ட்மென்ட்’. சிறிய தாடையில் பெரிய கம்பியைத் திணிப்பதும் உண்டு. அப்போது ஓரம் மட்டும் கடிக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது.

1990-களில் ஆற்றோரக் கிராமம் ஒன்றில் இதைத்தான் செய்தார்கள். ஊர் பெயரும் ஒப்பந்தக்காரர் பெயரும் வேண்டாம். விவசாய இணைப்புக்காக வீசல் கம்பி இழுக்கும் வேலை. கையில் இருந்தது பெரிய கம்பிக்கான கிளாம்ப் ஒன்றே ஒன்று, தாடையில் பள்ளம் தேய்ந்து மினுமினுவென்று இருந்தது. சாக்கைச் சுற்றி இழுத்திருக்கிறார்கள். மேலே இருந்த பையனுக்கு இருபது இருபத்தொன்று வயது இருக்கும். டிஸ்க்கில் வாலைக் கட்டிக்கொண்டிருந்தபோது கிளாம்ப் வழுக்கியது. கம்பி அவன் வலது கையையும் கிராஸ் ஆர்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. மூன்று விரல் போயிற்று. ஒரு பக்க இழுவை திடீரென்று விட்டதால் கம்பமும் சாய்ந்தது, ஸ்டே இருந்ததால் முழுக்க விழவில்லை. விழுந்திருந்தால் விரலோடு போயிருக்காது.

மறுநாள் என்னைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். கிளாம்பைக் கையில் எடுத்து, கம்பியையும் வைத்துப் பார்த்து, அளவு பொருந்தாத கிளாம்ப் என்று எழுதிக் கொடுத்தேன். கோப்பு மேலே போய்த் திரும்பி வந்தபோது நான் எழுதிய தாள் அதில் இல்லை. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று இரண்டே வார்த்தை இருந்தது. அந்தப் பையனின் அப்பா என்னிடம் வந்து, “ஐயா, எம்புள்ள கவனமாத்தான் இருந்திருப்பான், நீங்களே சொல்லுங்க” என்றார். நான் எழுதியதின் நகல் என்னிடம் இருந்தது, கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு அவர் நாலு இடம் அலைந்தார். கடைசியில் ஒப்பந்தக்காரர் கொஞ்சம் பணம் கொடுத்து வாயை அடைத்துவிட்டார்.

கவனக்குறைவு! இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைக்கலாம். விபத்து நடந்தால் அறிவிக்க வேண்டும், விசாரிக்க வேண்டும் என்று 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 161-வது பிரிவு சொல்கிறது. விசாரிக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எத்தனை விசாரணையில் சாமானைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள்? ஆளை மட்டும் வைத்துப் பார்க்கிறார்கள். ஆள் கவனமாக இருந்தால் தேய்ந்த தாடையில் பள்ளம் முளைத்துவிடுமா?

“இது லைன் வேலைக்காரன் பிரச்சினை, எங்களுக்கு என்ன?” என்று நினைக்கும் வாசகர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். எஃகுக் கம்பிக்கு, அதாவது ஸ்டே கம்பிக்கு, பல் வைத்த கிளாம்ப் உண்டு. அதை எடுத்து அலுமினியக் கம்பியில் கடிக்க வைத்தால் வழுக்காது, உண்மைதான். ஆனால் பல் பதியும். அன்று ஒன்றும் தெரியாது, லைன் சார்ஜ் ஆகிவிடும், பில்லும் பாஸ் ஆகிவிடும். கம்பி காற்றில் சதா அதிர்ந்துகொண்டே இருக்கிற பொருள். காயம் பட்ட இடத்தில் விரிசல் ஆரம்பித்து, சில வருடத்தில் ஆறில் ஓர் இழை அறும். அதன் மின்சாரத்தை மற்ற ஐந்தும் சுமக்க வேண்டும், அந்த இடம் சூடாகும், அடுத்த இழை போகும். ஐப்பசி கார்த்திகை மழைக் காற்றில் ஒரு ராத்திரி மிச்சமும் போய் வயலில் விழும். விடியற்காலையில் தண்ணீர் பார்க்கப் போகிறவர் மிதிப்பார். அறுந்து விழும் எல்லாக் கம்பிக்கும் கிளாம்ப்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மரக்கிளை உண்டு, பழைய ஜாயிண்ட் உண்டு, இன்சுலேட்டர் வெடிப்பதும் உண்டு. ஆனால் பல் பதிந்த தழும்போடு அறுந்த கம்பியை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல.

இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானங்கள் எனக்கு மனப்பாடம். விலை அதிகமாம். ஒரு டிரான்ஸ்பார்மர் வைக்கும் வேலையின் பில்லில் மூன்று கிளாம்பின் விலை கண்ணுக்கே தெரியாது. நேரம் ஆகிறதாம். மாட்டிக் கழற்ற எவ்வளவு நேரம், ஒரு பீடி பற்ற வைக்கிற நேரம்! இனி எல்லாம் பூமிக்கடியில் கேபிள்தானே, பழைய சாமான் எதற்கு என்று ஒருவர் கேட்டார். சென்னையில் வேண்டுமானால் கேட்கலாம். எங்கள் ஊரில் வாய்க்கால் கரையோரம் போகும் லைன் பூமிக்கடியில் போவதைப் பார்க்க என் பேரனுக்குப் பேரன் வர வேண்டும்.

புயல் வந்தால் கதை வேறு. 2011 டிசம்பரில் தானே, 2018 நவம்பரில் கஜா. கஜாவில் லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இடுப்பளவு சேற்றில் நின்று வேலை செய்தார்கள். நாமும் சோறு போட்டோம், கைதட்டினோம், செய்தித்தாளில் ‘ஒளியேற்றிய வீரர்கள்’ என்று வந்தது. என் கேள்வி இதுதான்: அந்த வீரர்கள் வந்த வண்டியில் எத்தனை கிளாம்ப் இருந்தது? வீரர் என்று பட்டம் கொடுத்துவிட்டால் சாமான் கொடுக்க வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. அவசரம் என்று வந்துவிட்டால் கையில் கிடைத்ததுதான் கருவி. அவசர வேலையில்தான் ஆள் களைத்திருப்பான், வெளிச்சம் இருக்காது, கம்பி ஈரமாக இருக்கும், கம்பம் ஊன்றிய மண் இறுகியிருக்காது. சரியான சாமான் மற்ற நாளைவிட அன்றுதான் அதிகம் தேவை.

சாமான் கொடுத்தாலும் பாழாக்குகிறவர்கள் நம் ஆட்களிலும் உண்டு, மறைக்கவில்லை. கைக்கயிற்றில் இறக்காமல் கம்பத்தின் மேலிருந்து தொப்பென்று போடுவது, தாடையில் அப்பிய அலுமினியப் பொடியையும் கிரீஸையும் கம்பி பிரஷால் தேய்க்காமல் பையில் போடுவது, வளைந்த கைப்பிடியைப் பட்டறையில் வெல்டிங் வைத்து வாங்கி வருவது. சூடு காட்டிய இரும்பை எந்த லட்சணத்தில் நம்புவது? லேத் பட்டறையில் பார்த்துச் செய்த நகல்களும் வருகின்றன. தாங்கும் பாரம் எதுவும் அதில் அடித்திருக்காது. அதைக் கிளாம்ப் என்று சொல்வதே தப்பு.

வழி கஷ்டமானது அல்ல. எந்த வேலைக்கும் முன்னால் லைன் கிளியர் வாங்கியாக வேண்டும். சப்ளையை நிறுத்தி, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் போட்ட பிறகுதான் ஆள் மேலே ஏற வேண்டும். கிளாம்ப் இரும்பு, அது மின்சாரத்திலிருந்து யாரையும் காப்பாற்றாது, இழுவையிலிருந்துதான் காப்பாற்றும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த லைன் கிளியர் கொடுக்கும்போதே ஒப்பந்தக்காரரின் சாமான்களைத் தரையில் பரப்பச் சொல்லிப் பார்க்க வேண்டும். இழுக்கப்போகும் கம்பிக்குப் பொருந்துகிற கிளாம்ப் இல்லை என்றால் அன்று லைன் கிளியர் இல்லை, வேலையும் இல்லை. நான் போர்மேனாக இருந்த கடைசி ஆறு வருடம், 2008-ல் ஓய்வு பெறும் வரை, இப்படித்தான் நடத்தினேன். முதல் மாதம் திட்டினார்கள், மேலே புகார் போயிற்று. மூன்றாவது மாதம் ஒவ்வொரு வண்டியிலும் கிளாம்ப் இருந்தது.

அடுத்த மாதம் பென்ஷனர்கள் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லிச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். “அகவிலைப்படி விஷயமே பாக்கி இருக்கே அண்ணே, இது எதற்கு?” என்றார். அகவிலைப்படியும் வேண்டும்தான், எனக்கும் மருந்துச் செலவு இருக்கிறது. ஆனால் வேலையில் இருக்கிறவன் வாய் திறந்தால் மெமோ வரும், ஒப்பந்தப் பையன் வாய் திறந்தால் நாளைக்கு வேலைக்கு வராதே என்பார்கள். நமக்கு இனி யார் மெமோ கொடுக்க முடியும்?

உங்கள் தெருவில் லைன் வேலை நடந்தால் நின்று பாருங்கள். கம்பத்தின் மேல் கம்பியில் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கினால், கீழே நிற்கும் மேஸ்திரியிடம், “கிளாம்ப் எங்கே தம்பி?” என்று கேளுங்கள். காட்டினால் கையில் வாங்கிப் பாருங்கள். எந்தக் கம்பிக்கு, எத்தனை கிலோவுக்கு என்று அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். பொறித்தது இல்லாவிட்டாலும், தேய்ந்துபோயிருந்தாலும் செக்‌ஷன் ஆபீஸுக்கு ஒரு போன் போடுங்கள். மேலே இருக்கும் பையனை அதுவரை இறங்கி நிற்கச் சொல்லுங்கள்.