குரங்கின் குடலுக்குள் என்ன நடக்கிறது?

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் குரங்குப் பேச்சு பெரும்பாலும் புகாராகத்தான் வரும். செம்பனைப் பழத்தைத் தின்கிறது, சமையலறைக்குள் நுழைகிறது, பெர்ஹிலித்தானைக் கூப்பிடு! நம்மோடு ஒட்டி வாழ்வது அந்தக் குரங்கின் உடம்பை என்ன செய்கிறது என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை.

தேர்வு நெருங்கினால் நமக்கு வயிறு கலங்குகிறது அல்லவா? அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசோல் குடலின் அசைவையும் நோய் எதிர்ப்பையும் மாற்றுகிறது. குடல் மாறினால் அதில் வாழும் பாக்டீரியாக்களும் மாறலாம். குரங்கைப் பிடித்து ரத்தம் எடுத்தால் அதுவே பெரிய அழுத்தம். அதனால் ஆய்வாளர்கள் கீழே கிடக்கும் மலத்தைச் சேகரிக்கிறார்கள். கார்ட்டிசோலின் எச்சம், பாக்டீரியாவின் மரபணு இரண்டும் அதிலேயே கிடைத்துவிடும்.

ஆப்பிரிக்காவின் காட்டுக் கொரில்லாக்களிடம் இப்படிச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அழுத்தம் கூடியபோது சில பாக்டீரியா வகைகள் கூடின. ஆனால் மொத்தப் பன்மையில் தொடர்பு எதுவும் தெரியவில்லை. மெக்சிகோவின் கருப்பு ஊளைக் குரங்குகளிடமோ, காடு துண்டான இடங்களில் உணவு வகை குறைந்து, குடல் பாக்டீரியாவின் பன்மையும் குறைந்திருந்தது. ஆகவே குடல் மாறியதும் அழுத்தத்தின் மேல் பழி போட முடியாது. உணவும் காரணமாகலாம்.

நம் நாட்டில் பேராக்கின் செகாரி மெலிந்தாங் காட்டுப் பன்றிவால் குரங்குகள், அதாவது பெரோக், செம்பனைத் தோட்டத்துக்குள் வந்துபோவது பல ஆண்டுகளாகக் கவனிக்கப்படுகிறது. ஒரு கூட்டம் ஆண்டுக்கு 3,000 எலிகள் வரை பிடிக்கும் என்று 2019இல் கணக்கிட்டார்கள். (எலிதான் செம்பனைக்குப் பெரிய எதிரி. தோட்ட முதலாளிகளுக்கு இது இனிக்க வேண்டிய செய்தி.) தோட்டத்துக்குள் வந்தால் அவற்றிடையே சண்டை கூடுகிறது, இணக்கம் குறைகிறது. தோட்டத்துக்கு அடிக்கடி வரும் கூட்டங்களில் குட்டிகள் சாவது ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2024இல் தெரியவந்தது. பூச்சிக்கொல்லி, நாய்கள், மனிதர்கள் பிடிப்பது எனப் பல காரணங்கள் சந்தேகிக்கப்படுகின்றன.

உணவையும் பயத்தையும் பிரித்துப் பார்க்க நம் மாநிலமே நல்ல இடம். ஜெலுபு மாவட்டத்தின் பாசோ காடு பல்லாண்டு கால ஆய்வுக் காடு; அதன் மூன்று பக்கமும் செம்பனை. ஒரு தோட்டத்தில் பட்டாசு வெடித்துக் குரங்கை விரட்டுவார்கள், இன்னொன்றில் கண்டுகொள்ள மாட்டார்கள். தின்பது ஒரே பழம், பயம் மட்டும் வேறு. இந்த இரு கூட்டங்களின் மலத்தையும் காட்டின் நடுவில் வாழும் கூட்டத்தின் மலத்தோடு ஒப்பிட்டால் போதும். உயிரியல் படிக்கும் நம்மில் யாராவது இறுதியாண்டு ஆய்வுக்கு இதை எடுக்கலாம். கையுறையும் பொறுமையும் வேண்டும், மூக்கைப் பொத்திக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும்.