சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் சிறுநீர்ச் சோதனையும்

நோய் நீங்கிற்று என்று வீடு திரும்பினார்க்கு, அது மீண்டும் வருமோ என்னும் அச்சம் நோயினுங் கொடிது. சிறுநீர்ப்பைப் புற்றுடையார் நிலை இதுவே. பெரும்பாலாரிடத்து இந்நோய் பையின் உட்படலத்தளவில் நிற்கும்போதே அறியப்படுகின்றது. மருத்துவர் அதனைச் சுரண்டியெடுத்து விடுவர். ஆயினும் மீட்டும் முளைத்தல் இதற்கு இயல்பு. ஆதலின் மூன்றாந் திங்களிலும், பின்னர் ஆண்டுக்கணக்காகவும், சிறுநீர்த் தாரையின் வழியே விளக்குடைய குழாயைச் செலுத்தி உள்ளே நோக்குகின்றனர். ஜெர்மனி தேசத்து நிட்சே என்பார் 1877-இல் வெளிப்படுத்திய கருவியின் வழித்தோன்றல் இது. கொடிய வகைப் புற்றுடையார்க்கு முதலிரண்டு ஆண்டும் மூன்று திங்கட்கு ஒருமுறை இது நிகழும். வலியும் நாணமும் செலவும் சொல்லவேண்டா.

இத்துன்பத்தைக் குறைத்தற்கு, கழிக்கும் நீரை ஆராய்ந்தாற் போதாதோ? பையின் உட்சுவரினின்று உதிரும் உயிரணுக்கள் நீரோடு வெளிவருதலின் இவ்வினா நியாயமானதே. 1945-இல் பாப்பனிக்கொலாவும் மார்ஷலும் அவ்வணுக்களை நுண்பெருக்கியால் நோக்கிப் புற்றறியும் முறையை வெளியிட்டனர். அது கொடிய புற்றை நன்கு காட்டும். சாதுவான புற்றின் அணுக்களோ நல்லவற்றையே ஒத்திருத்தலின் பலகால் தப்பிவிடும். பின்வந்தவற்றுள் என்.எம்.பி. 22 என்பது ஒரு புரதத்தை அளப்பது. கல், அழற்சி முதலியவற்றாலும் அது மயங்கும். யூரோவிஷன் என்பது 3, 7, 17-ஆம் குரோமோசோம்கள் மிகுதலையும், 9-ஆவதில் ஒரு பகுதி இழக்கப்படுதலையும் ஒளிருஞ் சாயத்தாற் காட்டுவது.

நம் சித்த மருத்துவரின் எண்வகைத் தேர்வுகளுள் நீரும் ஒன்று. அதுகொண்டு, இவையெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்தவை எனப் பறையறைவாரும் உளர். யாம் அதற்குத் துணியோம். நீரை நோக்கவேண்டும் என்னும் எண்ணம் பழையது, அவ்வளவே.

இச்சோதனைகள் குழாயை அகற்றிவிடலாமோ? இலக்கியம் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என நண்பர் நகைக்கலாம். ஒரு சொல்லை எத்துணை நம்பலாம் என்று ஆராய்வதே எம் வேலையாதலின் கூறத் துணிந்தேம்: அகற்றலாகாது. இல்லாத நோயை உண்டென்னும் பிழை, சில நாள் அச்சத்தையும் மற்றொரு குழாய்ச் சோதனையையுந் தரும். உள்ளதை இல்லையென்னும் பிழையோ, கொடிய புற்று தசையுட் புகும்வரை ஒருவரை மகிழ்ந்திருக்கச் செய்யும். பின்னர்ப் பையையே எடுக்க நேரிடும். 2007-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில் நோயாளரையே வினவினர். நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட புற்றுகளைத் தவறாது காணுஞ் சோதனையாயினன்றிக் குழாயை விடோம் எனப் பெரும்பாலார் விடையிறுத்தனர். வலிபட்டார் வாய்மொழி இது!

எனினும் குழாய்வழி நோக்குங் கண்ணும் பிழையற்றதன்று. நெதர்லாந்து தேசத்தில் நிகழ்ந்து 2010-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று எம்மை வியப்பித்தது. நீரிற் கண்ட முடிவை முன்னரே அறிந்த மருத்துவர், அறியாதாரினும் மிகுதியான புற்றுகளைக் கண்டனர். கருவியில் வேறுபாடில்லை, செய்தி கேட்ட கண் கூர்ந்து நோக்கிற்று. ஆகவே சாதுவான புற்றுடையார்க்கு, முதற் சோதனையில் ஒன்றுங் காணாவிடின், குழாயிடுந் தவணையை நீட்டி இடையே நீரைச் சோதிக்கலாம். கொடியதுடையார்க்குக் குழாயும் வேண்டும், நீரும் வேண்டும்.

நீர் குறிகாட்டிய பின்னும் குழாயில் ஒன்றுங் காணப்படாதார் சிலர்க்குப் பன்மாதங் கழித்துப் புற்று வெளிப்படுதலும் உண்டு. சிலர்க்கு ஒருபோதும் வெளிப்படாது. அத்தகையார், 'எனக்கு நோய் உண்டோ, இல்லையோ?' என வினவின், மருத்துவர் உள்ளதை உள்ளவாறே உரைத்து, அடுத்துக் காணும் நாளையும் குறித்துக் கொடுத்தல் வேண்டும்.