பாட்டுப் பத்திரிகையும் விளம்பரப் பணமும்

சங்கீதத்தைப் பற்றி எழுதும் பத்திரிகைக்கு அரசியல் பத்திரிகைக்குள்ள பொறுப்பு இல்லையென்று கருதுவோர் பலர். அமெரிக்காவில் ராக் சங்கீதப் பத்திரிகைகள் வளர்ந்த சரித்திரத்தை நோக்கின், இக்கருத்து எவ்வளவு பிசகானதென்பது விளங்கும்.

1960-களின் மத்தி வரையில் அந்நாட்டு இளைஞர் விரும்பிக் கேட்ட பாட்டைப் பற்றி வெளிவந்தவை பெரும்பாலும் வியாபாரச் செய்திகளும், பாடகர்களின் படங்களும், வம்புகளுமே. 1966-ல் பால் வில்லியம்ஸ் என்னும் கல்லூரி மாணவர் 'க்ராடேடி' என்ற பத்திரிகையைத் தொடங்கி, இப்பாட்டையும் ஆராய்ந்து எழுதலாமென்று காட்டினார். மறு வருஷம் நவம்பரில் 21 வயதினரான யான் வென்னர், ரால்ப் கிளீஸன் என்ற அநுபவம் மிக்க விமர்சகரைத் துணைக்கொண்டு, 7,500 டாலர் கடன் முதலுடன் ஸான் பிரான்ஸிஸ்கோவில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையை ஆரம்பித்தார்.

இப்பத்திரிகையின் சோதனைக் காலம் விரைவிலேயே வந்தது. 1969 டிசம்பர் 6-ந் தேதி கலிபோர்னியாவில் ஆல்டமாண்ட் என்னுமிடத்தில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' கோஷ்டியார் இலவசக் கச்சேரி நடத்தினர். (கோஷ்டிக்கும் பத்திரிகைக்கும் பெயர் ஒத்திருப்பினும் இரண்டும் வேறு.) சுமார் மூன்று லக்ஷம் ஜனங்கள் கூடிய அவ்விடத்தில் காவல் பொறுப்பு 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற மோட்டார் சைக்கிள் கூட்டத்தாரிடம் விடப்பட்டிருந்தது. அவர்களில் ஒருவனால் 18 வயதுக் கறுப்பு இளைஞர் ஒருவர் மேடையின் முன்னிலையிலேயே குத்துண்டு மாண்டார். வென்னரின் பத்திரிகை பல நிருபர்களைக் கொண்டு விசாரித்து, தான் போற்றி வந்த கோஷ்டியாரையும் கச்சேரியை ஏற்பாடு செய்தவர்களையும் அடுத்த மாதமே தயவு தாக்ஷண்யமின்றிக் குற்றஞ் சாட்டிற்று. பத்திரிகைத் தொழிலுக்கு இது பெருமை தரும் காரியமென்றே சொல்வோம்.

ஆயினும் இசைத்தட்டுக் கம்பெனிகளின் விளம்பரமின்றி அப்பத்திரிகை அந்நாளில் நடந்திராது. 1973-ல், பாடகர்களை அவமதித்து எழுதுகிறாரென்று லெஸ்டர் பாங்ஸ் என்ற விமர்சகரை வென்னர் விலக்கினார். பாடகரின் கௌரவத்தைக் காப்பது விமர்சகரின் வேலையா? அவருக்கு டெட்ராயிட் நகரத்து 'க்ரீம்' பத்திரிகை புகலிடமாயிருந்தது. 1976 வரை அதில் அஞ்சாமல் எழுதினார்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் போன்ற கறுப்பு இனத்தார் உருவாக்கிய சங்கீதம் இது. அதைப் பற்றி எழுதும் பேனாவோ பெரும்பாலும் வெள்ளைக்கார ஆடவர் கையிலேயே இருந்தது. எல்லன் வில்லிஸ் என்ற மாதரசி 1968 முதல் 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் இப்பாட்டைப் பற்றி எழுதி வந்தும் வழக்கம் மாறவில்லை. 2023-ல் வென்னர் வெளியிட்ட பேட்டி நூலில் இடம் பெற்ற எழுவரும் வெள்ளைக்கார ஆண்களே. காரணம் கேட்டதற்கு, பெண்களும் கறுப்பர்களும் அந்த அளவுக்கு விஷயத்தை எடுத்துரைக்க வல்லவரல்லர் என்ற பொருள்படப் பேசினார். அவர் ஸ்தாபகர்களில் ஒருவராயிருந்த ராக் கீர்த்தி மண்டபத்தின் நிர்வாக சபை உடனே அவரை நீக்கிற்று. பழைய இதழ்களின் அட்டைகளைச் சபையார் புரட்டிப் பார்த்திருப்பின், இம்முடிவுக்கு 2023 வரையில் காத்திருக்க நேர்ந்திராது.