கண்டல் காட்டில் ஒரு குவளைத் தண்ணீர்



வடக்கே பெண்ணையாறும் கெடிலமும், நடுவே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே வங்கக் கடல். இத்தனை நீர் சூழ்ந்த கடலூர் மாவட்டத்தில் பிறந்த பெண்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பிச்சாவரத்துக்குச் சுற்றுலா செல்லும் வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோ மீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கிறது பிச்சாவரம் சதுப்புநிலக் காடு. பேருந்தில் பாடிக்கொண்டே பாதித் தண்ணீரைக் குடித்தோம். மீதியை ஒருவர் மேல் ஒருவர் தெளித்து விளையாடித் தீர்த்தோம். குறுகிய கால்வாய் ஒன்றில் தண்ணீர் வற்றியதால் எங்கள் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. நீர் ஏறும் வரை காத்திருக்க வேண்டும் என்றார் படகோட்டி அண்ணன். உச்சி வெயில். எட்டுப் பேரிடமும் ஒரு வாய்த் தண்ணீர் இல்லை.

எங்களில் ஒருத்தி குனிந்து கால்வாய் நீரைக் கையில் அள்ளினாள். "கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்" என்றாள், அறிவியலில் முதல் மதிப்பெண் பெறும் மற்றொருத்தி. அது தவறு என்று சொல்ல எங்களில் எவருக்கும் தெரியவில்லை.

தெரிந்த ஒருவர் அருகிலேயே இருந்தார். இடுப்பளவு நீரில், ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த இருளர் இனத்து மூதாட்டி அவர். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அத்த குடிக்காத கண்ணு. உப்புத் தண்ணி தாகத்த அடக்காது, ஏத்தி வுடும்" என்றார். மரக்கிளையில் கட்டியிருந்த தம்முடைய தண்ணீர்க் கேனை அவிழ்த்து வந்தார். "ஆளுக்கு ஒரு மடக்கு" என்றார். நாங்கள் ஆளுக்கு இரண்டு மடக்குக் குடித்தோம். கேன் காலியாயிற்று. அவர் மீண்டும் நீரில் இறங்கினார். "பாட்டி, உங்களுக்கு?" என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட நிகழ்ச்சியை மறைக்கல்வி வகுப்பில் பலமுறை படித்திருக்கிறோம். கேட்காமலே கொடுத்த பெண்ணை அன்றுதான் கண்டோம். திரும்பும் வழியில் பேருந்தில் பாட்டு எழவில்லை. இக்கட்டுரை அந்த மௌனத்தில் பிறந்தது.

பள்ளிக்குத் திரும்பியபின் ஆசிரியைகளைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் நாங்கள் அறிந்தவற்றைச் சொல்கிறோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அவ்வளவு உப்பை வெளியேற்ற நமது சிறுநீரகம், நாம் குடித்ததைவிட அதிகமான நீரைச் செலவழிக்கிறது. மூதாட்டி சொன்னது முழுக்க முழுக்க அறிவியல்! கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. நீர் ஆவியாகி அளவு குறைவதால் கரிப்பு இன்னும் கூடும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால் மட்டுமே நல்ல நீர் கிடைக்கும். ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்தலைச் செய்து மதிப்பெண் வாங்கிய நாங்கள், படகில் அதை நினைக்கவே இல்லை.

கடற்கரையில் நல்ல நீர் கிடைக்காதா? கிடைக்கும். மழைநீர் உப்புநீரைவிட இலேசானது. ஆகவே மணல்மேடுகளின் அடியில் அது உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அலைக்கு அப்பால், மணல்மேட்டின் பின்புறம், ஈரம் தட்டும் வரை மட்டும் தோண்டினால் ஊற்று சுரக்கும். பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பே மேலே வரும். காட்டில் செடிகொடிகளை ஒடித்துச் சாற்றைக் குடிக்கலாம் என்று எண்ணுவதும் ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் பிச்சாவரத்தில் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம். தொழிற்சாலைக் கழிவு கலந்த நீரையோ தொடவே கூடாது. இரசாயன நஞ்சை எந்த அடுப்பும் போக்காது.

கிடைத்த நன்னீரைத் தூய்மை செய்யும் முறை எளிது: தெளியவை, வடிகட்டு, கொதிக்கவை. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளியவைக்கும் வழக்கத்தைக் கலித்தொகைப் புலவரே அறிந்திருந்தார். வடிகட்டப் பழைய பருத்திச் சேலை போதும். வங்காளதேசத்துக் கிராமங்களில் சேலையை நான்கு முறைக்குக் குறையாமல் மடித்து நீரை வடிகட்டியபோது காலரா நோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என 2003 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு கூறுகிறது. ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது. தேற்றாங்கொட்டை கலங்கலை நீக்கும், கிருமிகள் தங்கிவிடக்கூடும். சேலையும் பாதி வேலையே செய்கிறது. ஆகவே நீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்க வேண்டும்.

விறகு நனைந்துவிட்டால்? தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் கிடத்த வேண்டும். மேகமூட்டமானால் 2 நாட்கள். சூரியனே கிருமிகளைக் கொல்லும். வெயிலும் இல்லையென்றால் குளோரின் மாத்திரையை உறையில் கண்ட அளவுப்படி போட்டு அரை மணி நேரம் காத்திருக்கலாம்.

"பெண் பிள்ளைகள் காட்டுக்கா போகப் போகிறார்கள்? கடையில் புட்டித் தண்ணீர் கிடைக்காதா?" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலர் சிரித்தார்கள். அவர்களுக்குப் பணிவுடன் ஒன்று சொல்கிறோம். நாம் காட்டுக்குப் போகாவிட்டாலும் காடு நம் வாசலுக்கு வரும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை புகுந்தபோது நம் கரையோரக் கிணறுகள் உப்பாயின. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, மோட்டார்கள் ஓடாமல், குடிநீருக்கு மக்கள் அலைந்தார்கள். அப்போது எங்களில் பலர் தொட்டிலில் கிடந்தோம். எங்களுக்குப் பால் கரைக்க எங்கள் அன்னையர் நல்ல தண்ணீர் தேடினார்கள். 2015 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் தெருவெல்லாம் நீர், குடிக்கத்தான் இல்லை. அத்தகைய நாட்களில் எந்தக் கடை திறந்திருக்கும்? வீட்டில் அந்தக் குடத்தைத் தேடி ஓடுவது யார்? பெரும்பாலும் பெண்கள்தாமே! அப்படியானால் இந்தப் பாடம் முதலில் யாருக்கு வேண்டும்?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். ஆண்டுக்கு ஒரு நாள், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கலங்கிய நீர் ஒரு வாளியைக் குடிநீராக மாற்றிக் காட்டும் தேர்வு எல்லா வகுப்புக்கும் நடக்கட்டும். அதில் தேறியவர்களே சுற்றுலாவுக்கும் சாரணியர் முகாமுக்கும் செல்லட்டும். அடுத்த முறை பிச்சாவரம் செல்லும்போது ஒவ்வொருவரும் தமக்கு ஒன்று, பிறருக்கு ஒன்று என இரண்டு புட்டிகள் எடுத்துச் செல்வோம். பெற்றோர்களே, மழைக்காலம் தொடங்குமுன் மூடியிட்ட ஒரு குடம் நீரையும், குளோரின் மாத்திரை அட்டை ஒன்றையும் வீட்டில் வைத்திருங்கள்.

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான் சிறப்பை வைத்தார். அதைப் பொருளுடன் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறோம். ஆனால் நீரின் அருமையை எங்களுக்கு உணர்த்தியது சேற்றில் நின்ற ஒரு மூதாட்டியின் காலிக் கேன். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வரவில்லை. அந்தக் கடனை அடைக்க ஒரே வழிதான் உண்டு. அறிவைப் பெறுவோம், தாகத்தோடு நிற்பவர் யாராயினும் நம் புட்டியை முதலில் அவரிடம் நீட்டுவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில் ஒரு மாணவி