லேகியத்தோடு ஒரு கதைப் புத்தகமும்!

"டாக்டர், பையனுக்கு ஞாபக சக்திக்கு ஏதாவது லேகியம் குடுங்களேன். பப்ளிக் எக்ஸாம் வருது!"

தை பிறந்தால் போதும், என் கிளினிக்கில் தினம் நாலு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். வல்லாரையைத் துவையலாக அரைத்துக் கொடுங்கள், ராத்திரி நேரத்தோடு தூங்க விடுங்கள் என்று சொல்வேன். பிறகு ஒரு கேள்வி கேட்பேன். "பாடப் புத்தகம் தவிர, பையன் கடைசியா படிச்ச புத்தகம் எது?"

அம்மா அப்பாவைப் பார்ப்பார். அப்பா பையனைப் பார்ப்பார். பையன் செல்போனைப் பார்ப்பான்!

'வைத்தியர் மருந்தைச் சொல்வதை விட்டுவிட்டுப் புத்தகத்துக்கு எதற்குச் சிபாரிசு செய்கிறார்?' என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. எனக்கே பாடம் சொல்லிக் கொடுத்த ஒரு சிறுமியின் கதை அது. பேரும் ஊரும் வேண்டாம்.

பத்து வயசுப் பெண். அடிக்கடி வயிற்று வலி. நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். பூச்சிக்கு மருந்து கொடுத்தேன், சீரகச் சூரணம் கொடுத்தேன். ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறா டாக்டர்" என்றார் அம்மா. எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றியது.

என் கிளினிக் பெஞ்சில் நாலைந்து சிறுவர் புத்தகங்கள் எப்போதும் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்த அந்தப் பெண், தன் முறை வந்த பிறகும் கீழே வைக்கவில்லை. "எடுத்துட்டுப் போ கண்ணு, அம்மாவும் நீயும் சேர்ந்து படிங்க" என்று கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் ராத்திரி, படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழந்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறது. வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகிற உறவுக்காரர் ஒருவர்...

அந்தத் தாய் அதட்டவில்லை. "உன் மேல தப்பே இல்ல" என்றுதான் முதலில் சொன்னாராம். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார்கள். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். வலி மெல்ல மெல்லத்தான் குறைந்தது. நாடி பார்க்கத் தெரிந்த எனக்கு, அந்தக் குழந்தையிடம் பக்குவமாக ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையே என்ற குறுகுறுப்பு இன்னும் இருக்கிறது.

அவள் எடுத்த புத்தகம், யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. மரப்பாச்சி பொம்மை ஒன்று சிறுமியோடு பேசுகிற கதை. யாருடைய தொடுதல் தப்பு, அப்படி நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பயமுறுத்தாமல் சொல்கிறது. 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது.

"பச்சப் புள்ளைக்கு இதையெல்லாம் எதுக்கு டாக்டர் சொல்லணும்?" என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். தப்பு செய்கிறவன் குழந்தையின் வயசைப் பார்ப்பதில்லையே! நாம் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? அதற்காக, வயிற்று வலி என்றாலே இப்படித்தான் என்று பதறிவிடாதீர்கள். பெரும்பாலும் அது வெறும் வயிற்று வலிதான். ஆனால் பிள்ளை பேசுவதற்கு ஒரு வாசல் திறந்திருக்கட்டும். ஆபத்து என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில புத்தகங்களைச் சொல்கிறேன்.

அதே பாலபாரதியின் 'சந்துருவுக்கு என்ன ஆச்சு?' ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனைப் பற்றியது. உங்கள் பிள்ளையின் வகுப்பிலோ, பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு குழந்தை இருக்கலாம். கேலி செய்யாமல் கூட சேர்ந்து விளையாட, அறிவுரையைவிட இந்தக் கதை உதவும்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு'. பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிவரும் சாதிக் கயிற்றைப் பற்றிய சின்னஞ்சிறு புத்தகம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்களே, மறந்துவிட்டோமா? அதையொட்டி அரசு அமைத்த ஒரு நபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கையில் இருப்பதை அவிழ்க்க உத்தரவு போதும். மனசில் இருப்பதை அவிழ்க்க வீட்டில் பேச வேண்டும். பேச்சைத் தொடங்க இந்தப் புத்தகம் நல்ல சாக்கு.

சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' நாவல் 2025-லும், யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' கதைத் தொகுப்பு 2024-லும் அதே விருதைப் பெற்றன. 2023-இல் பெற்றது உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியை மையமாகக் கொண்ட இளையோர் நாவல். 'ஆதன்' என்ற பெயர் கீழடிப் பானை ஓட்டிலேயே கிடைத்திருக்கிறது. படித்துவிட்டு, 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். வரலாறு கசக்காது!

"புத்தகம் விக்கிற விலையில எங்க டாக்டர்..?" என்கிறீர்களா? சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதிகள் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆக ஒரு டானிக் பாட்டில் விலைகூட ஆகாது.

எங்கள் வைத்தியத்தில் மருந்தைத் தேனிலோ நெய்யிலோ குழைத்துக் கொடுப்போம். அதற்கு அனுபானம் என்று பெயர். புத்தகத்துக்கு அனுபானம், பக்கத்தில் உட்காரும் நீங்கள்தான். சாப்பிட்ட பிறகு ஒரு கால் மணி நேரம். டி.வி.யும் செல்போனும் வேறு அறையில் இருக்கட்டும்.

மருந்து என்றால் பத்தியமும் உண்டல்லவா? மூன்றே மூன்று. கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன நீதி தெரியுது?" என்று கேட்காதீர்கள். "பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை படிக்கிறான் பார்" என்று ஒப்பிடாதீர்கள். நடுவில் பிள்ளை ஏதாவது சொல்ல வாயெடுத்தால், புத்தகத்தை மூடிவிட்டு அதைக் கேளுங்கள்.

இந்த மூன்றாவதை மட்டும் கடைப்பிடித்தாலும் போதும். அந்தச் சிறுமியின் அம்மா செய்தது அதைத்தான்.

லேகியம் வேண்டுமென்றால் தாராளமாக வாங்க, தருகிறேன். கூடவே பெஞ்சில் கிடக்கிற புத்தகத்தில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்க. திருப்பித் தந்தால் சரி!