சாத்தாதவர் என்றால் குறைந்தவரா?

எங்கள் சாத்தாத ஸ்ரீவைஷ்ணவ சமூகத்தில் ஒரு கதை பல காலமாகச் சுற்றி வருகிறது. ஆதியில் நாம் பூணூல் போட்ட பிராமணர்களாம். நடுவில் ஏதோ காரணத்தால் அதைக் கழற்றிவிட்டோமாம். மகனோடு ஓசூருக்குக் குடிவந்த பிறகு இதை இன்னும் அதிகமாகக் கேட்கிறேன். தெலுங்கு பேசும் உறவினரும் சொல்கிறார், கன்னடம் பேசும் சம்பந்தியும் சொல்கிறார். வாட்சப்பிலும் வருகிறது. எழுபதைத் தாண்டிய எனக்கு இனி யார் மனதையும் பார்த்துப் பேச வேண்டிய அவசியமில்லை. இந்தக் கதை நமக்குப் பெருமை இல்லை, அவமானம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். சாத்துதல் என்றால் அணிதல், அணிவித்தல். பூணூல் சாத்தாதவர் என்பதால் சாத்தாதவர். அதுவே பேச்சுவழக்கில் சாத்தானி ஆயிற்று. புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது 'சாத்தான்' என்று கேலி செய்த பையன்களுக்கு இந்தப் பொருள் தெரியாது. வங்காளத்துச் சைதன்யர் பெயரிலிருந்து வந்தது என்று சொன்னவர்களும் உண்டு. சைதன்யர் பிறந்தது 1486இல். நமது மரபோ ராமானுஜர் காலத்தைச் சுட்டுகிறது. உறையூர் மல்லர் பிள்ளை உறங்காவில்லி தாசர் பூணூல் இல்லாதவர். காவிரியில் நீராடித் திரும்பும்போது ராமானுஜர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வருவார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அவர் நூலைக் கழற்றிய பிராமணர் என்று எந்தக் கதையும் சொல்லவில்லை.

15ஆம் நூற்றாண்டில், சாளுவ நரசிம்மர் காலத்தில், திருமலையில் ராமானுஜ கூடங்களை நிர்வகித்தவர் கந்தாடை ராமானுஜ ஐயங்கார். அவருடைய சீடர்களான சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர்கள் பெருமாளுக்கு மாலை கட்டிக் கொடுத்தார்கள். பிரசாதத்தில் அவர்களுக்குப் பங்கு இருந்தது. இது கல்வெட்டுகளில் உள்ள செய்தி. அதில் பெருமைப்பட இடமில்லையா?

நம் வழக்கங்களைப் பாருங்கள். தோளில் சங்கு சக்கரம் பொறித்துக்கொள்வது, திருநாமம் இட்டுக்கொள்வது, வேதத்துக்குப் பதிலாகத் திவ்யப் பிரபந்தம் ஓதுவது, நந்தவனம் வைப்பது, குடையும் தீவட்டியும் பிடிப்பது. கிராமங்களில் பிற சாதியாருக்குக் குருவாக இருந்ததும் நம்மவர்தான். இவற்றில் எதற்குப் பூணூல் தேவைப்பட்டது?

என் அப்பா விடியுமுன் எழுந்து துளசியையும் மரிக்கொழுந்தையும் வாழைநாரில் தொடுப்பார். பெருமாளுக்குச் சாத்தும் மாலையைக் கட்டுகிறவருக்குச் சாத்தாதவர் என்று பெயர்! வேடிக்கைதான். ஆனால் அந்த மாலையை இது பூணூல் இல்லாதவன் கட்டியது என்று பெருமாள் ஒருநாளும் திருப்பி அனுப்பவில்லை. நாம் பிராமணராக இருந்தோம் என்று இன்று சொல்வது, பூணூல் இல்லாத கை தாழ்ந்த கை என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாகும்.

இன்னொன்று. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான்; சான்றிதழ்களைப் பார்த்தே தலை நரைத்தவன். தமிழ்நாட்டில் நாம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கேட்கும்போது மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பந்தியில் உட்காரும்போது பிராமணர் என்றால் கேட்பவர் சிரிக்கமாட்டாரா?

பிரெஞ்சுப் புரட்சியைப் படித்தபோது என் மனதில் பதிந்த ஒரு சொல் உண்டு: சான்-கியூலோத். பிரபுக்கள் அணிந்த முழங்கால் அளவுக் கால்சட்டை இல்லாதவர்கள் என்று பொருள். பாரீஸ் நகரத்து உழைப்பாளிகளுக்கு இளக்காரமாக வைத்த பெயர். அவர்கள் 'எங்கள் பாட்டனாரும் அந்தக் கால்சட்டைதான் போட்டார்' என்று வம்சாவளி எழுதிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பெயரையே விருதாக ஏற்றுக்கொண்டார்கள். 1792இல் மன்னராட்சியைக் கவிழ்த்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

காலமும் மாறிவிட்டது. கோயில் பணிகளில் வாரிசு உரிமையை ரத்து செய்த தமிழக அரசின் சட்டத்தை 1972இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதியினர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டார்கள். கருவறைக்கே பிறப்பைக் கேட்கக் கூடாது என்று நாடு வாதாடும் நேரத்தில், நாம் தொலையாத பூணூலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

உண்மையில் தொலைந்துகொண்டிருப்பது வேறு. ஓசூர் ரோஜா வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறது. பூவுக்குப் பஞ்சமில்லாத இந்த ஊரில், சிப்காட் ஷிப்டுக்கு ஓடும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒரு முழம் தொடுக்கத் தெரியும்? அவர்கள் ஆலைக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை; சோறு முக்கியம். ஆனால் பிராமண வம்சாவளி அச்சடிக்கச் செலவிடும் பணத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் பெரியவர்கள் இதற்குத் தரலாமே. பேரன் பேத்தியை உட்காரவைத்து நார் கிழிக்கவும் பூத் தொடுக்கவும் சொல்லிக்கொடுங்கள். நாம் யார் என்பதை அந்த மாலை சொல்லும்.